24-1: தியான் சந்தும் மிச்சமிருந்த நிமிடங்களும்

ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கலாம். இன்டர் டிபார்ட்மென்ட் மேட்ச் நடக்குதுன்னு வச்சுக்கோங்க. உங்க டீம் 10-0 என்று முன்னாடி இருக்கிறது. விசில் அடிக்க இன்னும் 15 நிமிடம் பாக்கி. எதிர் டீமில் பாதிப் பேர் ஃபர்ஸ்ட் இயர் பசங்க, ஏற்கெனவே தலையைத் தொங்கப் போட்டுவிட்டார்கள். இப்போ நீங்க என்ன பண்ணுவீங்க?

ரெண்டே வழிதான்னு தோணும். ஒன்று, நிறுத்தாமல் அடிப்பது. ஸ்கோர் 15, 20 என்று ஏறட்டும், வச்சு செஞ்சோம்னு ஸ்டேட்டஸ் போட்டுக்கலாம். இன்னொன்று, டைம் ஓட்டுவது. கபடி பார்க்கிறவர்களுக்கு இது நல்லாவே தெரியும். முன்னாடி இருக்கிற டீமின் ரைடர் கடைசி நிமிடத்தில் உள்ளே போவார், கோட்டைக் கடப்பார், யாரையும் தொட முயற்சிக்காமல் 30 செகண்டையும் கரைத்துவிட்டுத் திரும்பி வருவார். பாயின்ட் வராது. ஆனால் கடிகாரம் ஓடிவிடும்.

அமெரிக்காவில் காலேஜ் ஃபுட்பால் என்றால் இந்தக் கேள்விக்குப் பெரிய சண்டையே நடக்கும். நாம் ஆடுகிற ஃபுட்பால் இல்லை. ஹெல்மெட், பேட் எல்லாம் மாட்டிக்கொண்டு முட்டை வடிவப் பந்தோடு முட்டி மோதுவார்களே, அது. அங்கே ஜெயிக்கிற டீம் கடைசியில் பந்தை வாங்கிக்கொண்டு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிவிடும். கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், ஆட்டம் முடிந்துவிடும். அதுதான் மரியாதை என்பார்கள். அப்படிச் செய்யாமல் கடைசி வரை பாயின்ட் குவித்தால் அது அவமரியாதை என்பார்கள்.

இதற்கு எல்லாரும் சொல்கிற உதாரணம் 1916 அக்டோபர் 7. அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் என்கிற டீம் கம்பர்லண்ட் என்கிற சின்னக் காலேஜை 222-0 என்று தோற்கடித்தது. ஜார்ஜியா டெக் நம்மளை மாதிரி ஒரு இன்ஜினியரிங் காலேஜ் என்பதைக் கவனிங்க. கம்பர்லண்ட் அந்த வருஷம் ஃபுட்பால் டீமையே கலைத்துவிட்டிருந்தது. ஆனால் வராவிட்டால் 3000 டாலர் அபராதம் என்று ஒப்பந்தம் இருந்ததால் கிடைத்த பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பாதி ஆட்டத்திலேயே 126-0. அதற்கப்புறம் இரண்டாம் பாதியின் நேரத்தைக் குறைத்தார்கள். ஆனால் அடிப்பதைக் குறைக்கவில்லை. அந்த டீமின் கோச் ஜான் ஹைஸ்மன். அவர் பெயரில்தான் இன்றைக்கும் அங்கே காலேஜ் ஃபுட்பாலின் பெரிய விருது கொடுக்கிறார்கள்.

சரி, இந்தக் கேள்வியை வாழ்க்கை முழுக்கச் சந்தித்த ஒரு ஆள் நம் நாட்டில் இருந்தார். அவர் ஆடிய பெரும்பாலான மேட்ச்களில் யார் ஜெயிப்பார்கள் என்பது பாதியிலேயே தெரிந்துவிடும். மிச்ச நேரத்தில் என்ன செய்வது என்பதுதான் அவருடைய பிரச்சினை. அவர் தியான் சந்த்.

ஹாக்கிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க. சிவகாசியில் பஸ் ஏறி சாத்தூர் வழியாகப் போனால் கோவில்பட்டி. கடலை மிட்டாய்க்குப் பேர் போன அதே ஊர் ஹாக்கிக்கும் பேர் போனது. அந்தப் பக்கத்துப் பசங்க ஸ்டிக் பிடித்து இந்திய டீம் வரைக்கும் போயிருக்கிறார்கள். ஆகஸ்ட் 29 வந்தால் நம்ம காலேஜ்களில் தேசிய விளையாட்டு தினம் என்று பேனர் கட்டி ஓட்டப்பந்தயம் வைக்கிறோமே, அது இவருடைய பிறந்தநாள்தான். பேனரில் இருக்கிற அந்த மனுஷன் யார் என்று பார்ப்போம்.

நாலு நிமிஷம்

1905 ஆகஸ்ட் 29, அலகாபாத். அப்பா சமேஷ்வர் சிங் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தார். அப்பாவுக்கு அடிக்கடி மாற்றல். அதனால் பையனின் படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. குடும்பம் கடைசியில் ஜான்சியில் தங்கியது. சின்ன வயதில் அவருக்குப் பிடித்தது மல்யுத்தம். ஹாக்கியை அவர் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது ராணுவத்தில்.

1922-ல், 17 வயதில், சிப்பாயாகச் சேர்ந்தார். அப்போது அவர் பெயர் தியான் சிங். பகலில் டியூட்டி, ராத்திரியில் பிராக்டிஸ். மைதானத்தில் விளக்கு கிடையாது, நிலா வெளிச்சம்தான். அதனால்தான் கூட இருந்தவர்கள் அவரைச் சந்த், அதாவது நிலா, என்று கூப்பிட ஆரம்பித்தார்கள் என்று சொல்வார்கள்.

ராணுவ டீம்களுக்கு இடையே ஜீலம் நகரில் ஒரு டோர்னமென்ட் ஃபைனல். தியான் சந்தின் டீம் இரண்டு கோல் பின்தங்கி இருந்தது. மிச்சம் இருந்தது வெறும் நாலு நிமிடம். அவருடைய கமாண்டிங் ஆபீசர் ஓரத்தில் நின்று ஏதாவது செய் என்று கத்தினாராம். அந்த நாலு நிமிடத்தில் தியான் சந்த் மூன்று கோல் அடித்தார். டீம் ஜெயித்தது. ஹாக்கி மந்திரவாதி என்ற பெயர் அவருக்கு அதற்கப்புறம்தான் வந்தது என்பார்கள்.

இந்தக் கதையை ஞாபகம் வச்சுக்கோங்க. நாலு நிமிடத்தில் மூன்று கோல் விழும் என்று தன் கையாலேயே தெரிந்துகொண்ட ஒருவருக்கு, எந்த லீடும் பாதுகாப்பான லீடாகத் தெரியாது. எதிரிக்கும் அதே நாலு நிமிடம் இருக்கிறதே. முன்னாடி இருந்தாலும் அவர் ஆட்டத்தை விடாமல் ஆடியதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1926-ல் இந்திய ராணுவ டீம் நியூசிலாந்து போனது. 21 ஆட்டம், 18 வெற்றி, 2 டிரா, 1 தோல்வி. மொத்தம் 192 கோல். அதில் நூறுக்கு மேல் தியான் சந்த் அடித்தது. திரும்பி வந்ததும் அவருக்கு லான்ஸ் நாயக் பதவி கொடுத்தார்கள். நூறு கோலுக்கு ஒரு சின்ன புரமோஷன். இதையும் ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

வழியனுப்ப மூன்று பேர்

1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். பம்பாயில் கப்பல் ஏறும்போது டீமை வழியனுப்ப வந்தது மூன்றே பேர். ஃபெடரேஷனின் தலைவர், துணைத் தலைவர், ஒரு பத்திரிகையாளர். அவ்வளவுதான். அங்கே போய் ஆஸ்திரியாவை 6-0, பெல்ஜியத்தை 9-0, டென்மார்க்கை 5-0, சுவிட்சர்லாந்தை 6-0. ஃபைனலில் சொந்த மண்ணில் ஆடிய நெதர்லாந்தை 3-0. ஃபைனல் அன்றைக்கு நம் டீமில் பல பேருக்கு உடம்பு சரியில்லை, தியான் சந்துக்கும் சேர்த்துத்தான். ஐந்து ஆட்டத்தில் 29 கோல், அதில் 14 அவருடையது. நம் கோல்கீப்பர் ரிச்சர்ட் ஆலன் ஒரு கோல்கூட விடவில்லை.

கோல்டு மெடலோடு பம்பாய் திரும்பியபோது துறைமுகத்தில் பெருங்கூட்டம். போகும்போது மூன்று பேர், வரும்போது ஊரே. நம்ம ஊர் வழக்கம் அப்போதும் இதேதான் போல.

24-1

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். டீமைத் தேர்ந்தெடுக்க மாகாணங்களுக்கு இடையே போட்டி வைத்தார்கள். தியான் சந்துக்கு அவருடைய ராணுவப் பிரிவு லீவு கொடுக்கவில்லை. ஃபெடரேஷன் அவரைச் செலக்ஷன் ஆட்டம் இல்லாமலேயே எடுத்துக்கொண்டது. அந்த டீமில் அவருடைய தம்பி ரூப் சிங்கும் இருந்தார்.

ஃபெடரேஷனிடம் பயணத்துக்குப் போதுமான பணம் இல்லை. உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம். அதனால் பல நாடுகள் அந்த ஒலிம்பிக்குக்கே வரவில்லை. ஹாக்கியில் மொத்தமே மூன்று டீம்தான்: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. நம் ஆட்கள் போகிற வழியிலும் வருகிற வழியிலும் கண்காட்சி ஆட்டங்கள் ஆடி டிக்கெட் காசு சேர்த்துச் செலவைச் சமாளித்தார்கள்.

ஆகஸ்ட் 4-ல் ஜப்பானை 11-1. ஆகஸ்ட் 11-ல் அமெரிக்காவுடன் ஆட்டம். அமெரிக்க ஆண்களுக்கு ஹாக்கி அப்போதுதான் அறிமுகமாகிக்கொண்டிருந்த ஆட்டம். ஸ்கோர் 24-1. ரூப் சிங் 10, தியான் சந்த் 8, குர்மித் சிங் 5, பின்னிகர் 1. ஒலிம்பிக் ஹாக்கியில் இதைவிடப் பெரிய வித்தியாசத்தில் யாரும் இன்றுவரை ஜெயித்ததில்லை.

நாம இன்ஜினியரிங் பசங்க, கொஞ்சம் கணக்குப் போடுவோம். அப்போது ஒரு ஆட்டம் 35 நிமிடம் கொண்ட இரண்டு பாதி, மொத்தம் 70 நிமிடம். 70-ஐ 24-ஆல் வகுத்தால் மூன்று நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் ஒரு கோல். ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்து நடுக்கோட்டுக்குத் திரும்ப வரும். அந்தக் காலத்தில் புல்லி என்கிற முறையில்தான் ஆட்டத்தைத் திரும்பத் தொடங்குவார்கள். இரண்டு டீமிலிருந்தும் ஒவ்வொருத்தர் எதிரெதிரே நின்று, தரையையும் எதிராளியின் ஸ்டிக்கையும் மூன்று தடவை மாறி மாறித் தட்டிவிட்டுப் பந்துக்குப் பாய்வார்கள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அப்படி 24 தடவை எடுத்து, கொண்டுபோய், அடித்திருக்கிறார்கள். நம்ம சிவகாசிப் பாஷையில் சொன்னால் திரியைக் கொளுத்திவிட்ட சரவெடி. நடுவில் யாரும் கை வைக்க முடியாது.

ஜெயிப்பதற்கு 24 தேவையா? தேவையே இல்லை. 2-1 போதும், கோல்டு மெடல் அதேதான். அப்படியானால் இது ஹைஸ்மன் செய்த அதே வேலைதானா?

இங்கே இரண்டு விஷயம் பார்க்கணும். முதலாவது, இவர்கள் யார்? ஆங்கிலேயன் கொடியின் கீழ் ஆடிய அடிமை நாட்டு டீம். கையில் காசு இல்லை. இந்த ஆட்டம் முடிந்ததும் ஊர் ஊராகப் போய் ஆடித்தான் கப்பல் செலவைத் தேற்ற வேண்டும். இவர்கள் எப்படி ஆடுவார்கள் என்று உலகத்துக்குத் தெரிந்தால்தான் அடுத்த ஊரில் கூட்டம் வரும். அந்தப் பயணம் முழுக்க 37 ஆட்டம், 34 வெற்றி, 338 கோல். அதில் தியான் சந்த் 133. அவர்கள் அடித்த ஒவ்வொரு கோலும் ஒரு விளம்பரம்னு வச்சுக்கலாம்.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒலிம்பிக் முடிந்து சில நாட்களில் கிட்டத்தட்ட அதே அமெரிக்க டீமோடு மறுபடியும் ஒரு ஆட்டம். இந்தத் தடவை நம் டீம் தன்னுடைய இரண்டாவது கோல்கீப்பர் ஆர்தர் ஹிண்டை அவர்களுக்கே கடன் கொடுத்தது. அப்படியும் ஸ்கோர் 24-1 தான் என்பது வேற கதை! ஆனால் யோசிச்சுப் பாருங்க. எதிரி பலவீனமாக இருந்தால் நாம் ஆட்டத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவனைப் பலப்படுத்தலாம். நம்மிடம் இருக்கிற ஒரு ஆளைக் கொடுக்கலாம். ஜார்ஜியா டெக் கடிகாரத்தைக் குறைத்தது. நம் ஆட்கள் கோல்கீப்பரையே கொடுத்தார்கள். இந்த இரண்டும் ஒன்று இல்லை.

அந்த ஒலிம்பிக் ஆட்டத்தில் அமெரிக்கா அடித்த ஒரே கோலைப் பற்றியும் ஒரு கதை உண்டு. பந்து தன் பக்கம் வரவே வராததால் கோல்கீப்பர் ஆலன் போஸ்ட்டுக்குப் பின்னால் போய் ரசிகர்களுக்கு ஆட்டோகிராஃப் போட்டுக்கொண்டிருந்தார், அந்த நேரத்தில் கோல் விழுந்துவிட்டது என்பார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்கிற கதை இது. எனக்கு என்னமோ இந்த மேட்சில் அவமரியாதை என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்று படுகிறது. எதிரிக்கு 24 கோல் அடிப்பது அவனோடு ஆடுவது. எதிரி ஆடிக்கொண்டிருக்கும்போது ஆட்டோகிராஃப் போடுவது, நீ இங்கே இல்லவே இல்லை என்று சொல்வது.

அமெரிக்கர்களையும் பாராட்டணும். 70 நிமிடமும் நின்று ஆடினார்கள். இது சின்ன விஷயம் இல்லை. நம் நாட்டிலேயே 1948-ல் புனேயில் ஒரு ரஞ்சி ஆட்டம். மகாராஷ்டிராவின் நிம்பால்கர் 443 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நிற்கிறார். பிராட்மேனின் 452 என்கிற உலக சாதனைக்கு இன்னும் 9 ரன்தான். எதிர் டீம் கத்தியவாரின் கேப்டன், ராஜ்கோட் ராஜா, இதற்கு மேல் ஆட மாட்டோம் என்று டீமோடு கிளம்பிவிட்டார். தோற்கிறவன் மைதானத்தில் நிற்பதும் ஒரு மரியாதைதான், அதை யாரும் ஸ்கோர்போர்டில் எழுதுவதில்லை.

1935-ல் தியான் சந்த் தலைமையில் இந்திய டீம் மறுபடியும் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பயணம். 48 ஆட்டத்தில் 584 கோல். தியான் சந்த் மட்டும் 43 ஆட்டத்தில் 201. இவ்வளவு அடித்த பிறகும் அந்த ஊர்க்காரர்கள் கோபப்படவில்லை, பார்க்கக் கூட்டம் கூடினார்கள். எப்படி ஆடுவது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கிளாஸ் அவர்களுக்கு எங்கே கிடைக்கும்?

பெர்லின்

1936 பெர்லின் ஒலிம்பிக்குக்கு அவர்தான் கேப்டன். ஹிட்லர் அவருக்கு வேலை தருவதாகச் சொன்னார் என்கிற கதை ஒவ்வொரு ஆகஸ்டிலும் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்திருக்கும். அது நமக்குத் தேவையில்லை. ஆட்டத்தைப் பார்ப்போம்.

பெர்லின் போய் இறங்கிய சில நாளில், ஜூலை 17-ல், ஜெர்மனியோடு ஒரு பயிற்சி ஆட்டம். இந்தியா 4-1 என்று தோற்றது. எட்டு வருஷமாக எல்லாரையும் அடித்துத் துவைத்த டீம் தோற்றது. தியான் சந்த் அந்தத் தோல்வியை வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. உடனே தந்தி அடித்து இந்தியாவிலிருந்து தாரா என்கிற வீரரை விமானத்தில் வரவழைத்தார்கள்.

அதற்கப்புறம் ஹங்கேரி 4-0, அமெரிக்கா 7-0, ஜப்பான் 9-0, செமி ஃபைனலில் பிரான்ஸ் 10-0. ஃபைனலில் மறுபடியும் ஜெர்மனி. ஆகஸ்ட் 14-ல் நடக்க வேண்டிய ஆட்டம், மழையால் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. ஆகஸ்ட் 15. பதினோரு வருஷம் கழித்து அந்தத் தேதிக்கு என்ன அர்த்தம் வரப்போகிறது என்று யாருக்கும் அப்போது தெரியாது. டிரெஸ்ஸிங் ரூமில் உதவி மேனேஜர் பங்கஜ் குப்தா காங்கிரஸின் மூவர்ணக் கொடியை எடுத்து விரித்தார். எல்லாரும் அதற்கு சல்யூட் அடித்துவிட்டு மைதானத்துக்குப் போனார்கள். ராணுவத்தில் சம்பளம் வாங்குகிற ஒரு சிப்பாய் கேப்டனுக்கு அது எவ்வளவு பெரிய ரிஸ்க் என்று நீங்களே யோசிச்சுக்கோங்க.

மைதானம் ஈரம். முதல் பாதியில் வெறும் 1-0. இரண்டாம் பாதியில் தியான் சந்த் ஆணி வைத்த ஷூவையும் நீளச் சாக்ஸையும் கழற்றிவிட்டு ரப்பர் அடி வைத்த ஷூவோடு இறங்கினார். கோல்கள் விழ ஆரம்பித்தன. கடைசியில் 8-1. அந்த ஒலிம்பிக் முழுக்க இந்தியா வாங்கிய ஒரே கோல் அந்த ஒன்றுதான்.

இந்த ஆட்டத்தைப் பற்றித்தான் அந்தப் புகழ்பெற்ற கதை. ஜெர்மன் கோல்கீப்பர் மோதியதில் தியான் சந்தின் பல் ஒன்று உடைந்தது. வெளியே போய் முதலுதவி செய்துகொண்டு திரும்பி வந்தவர், இனி கோல் அடிக்காதீர்கள், பந்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று இவர்களுக்குக் காட்டுவோம் என்று தன் ஆட்களிடம் சொன்னாராம். அதன்படி பந்தை எதிரியின் வட்டத்துக்குள் கொண்டுபோவதும், அடிக்காமல் திரும்பிக் கொண்டுவருவதுமாக ஆடினார்களாம்.

இந்தக் கதையை எல்லாரும் அவருடைய பெருந்தன்மைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். கோல் அடிக்க முடிந்தும் அடிக்கவில்லையே என்று. கொஞ்சம் நின்று யோசிங்க. உங்களுக்கு எது அதிகம் வலிக்கும்? எதிரி கோல் அடிப்பதா, இல்லை உங்கள் கோல் போஸ்ட் வரை வந்து, என்னால் இப்போது அடிக்க முடியும் என்று காட்டிவிட்டு, அடிக்காமல் திரும்பிப் போவதா? எனக்கு இரண்டாவதுதான் வலிக்கும். இது டைம் ஓட்டுவதுதான், ஆனால் இதில் இரக்கம் இல்லை. பல் உடைந்த ஒரு மனுஷனின் கோபம் இருக்கிறது. அடிக்கு அடி கொடுக்காமல், ஸ்டிக்கைத் தூக்காமல், ஆட்டத்தாலேயே காட்டிய கோபம்.

அதனால் கோல் அடித்தால் அவமரியாதை, டைம் ஓட்டினால் மரியாதை என்கிற அமெரிக்கக் கணக்கு இங்கே ஒத்துவரவில்லை. எத்தனை கோல் அடித்தாய் என்பதை வைத்து மரியாதையை அளக்க முடியாது. எதிரில் நிற்பவனை ஆட்டக்காரனாக மதித்தாயா என்பதுதான் அளவு. அமெரிக்காவுக்கு 24 கோலும் அடித்தார்கள், கோல்கீப்பரையும் கொடுத்தார்கள். ஜெர்மனிக்கு 8 கோலோடு நிறுத்தினார்கள், நிறுத்தியதிலேயே ஒரு அடி வைத்தார்கள்.

மூன்று ஒலிம்பிக்கையும் கூட்டிப் பாருங்க. 12 ஆட்டம். 102 கோல் அடித்து, வாங்கியது 3. இப்படி ஒரு கணக்கு இனி எந்த டீமுக்கும் வராது.

தன் கடிகாரம்

1940-லும் 1944-லும் உலகப் போரால் ஒலிம்பிக் நடக்கவில்லை. தியான் சந்தின் நல்ல வயதில் இரண்டு ஒலிம்பிக் அப்படியே போனது. 1947 கடைசியில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. ஒரே கண்டிஷன், டீமில் தியான் சந்த் இருக்க வேண்டும். அப்போது அவருக்கு 42 வயது. போனார். 22 ஆட்டத்தில் 61 கோல் அடித்தார்.

இன்னும் ஆடியிருக்கலாம். 1948 லண்டன் ஒலிம்பிக் வரப்போகிறது, சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக். நான்காவது கோல்டு மெடல். யாரும் வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பியதும் அவர் பெரிய போட்டிகளிலிருந்து மெதுவாக விலக ஆரம்பித்தார். ஒலிம்பிக்குக்குப் போகும் இளைஞர் டீமை எதிர்த்து, மிச்ச வீரர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு கண்காட்சி ஆட்டம் ஆடினார். 2-1 என்று தோற்றார். தன் டீமின் அந்த ஒரு கோலை அவரே அடித்தார். கடைசி ஆட்டம் வங்காள டீமோடு, டிரா. அதோடு ஸ்டிக்கை வைத்துவிட்டார். மற்றவர்களுடைய கடிகாரத்தை மட்டுமல்ல, தன் கடிகாரத்தையும் அவருக்குப் படிக்கத் தெரிந்திருந்தது.

1952-ல் அவருடைய சுயசரிதை வந்தது. பெயர் கோல். அதை வெளியிட்டது எந்த ஊர் தெரியுமா? நம்ம சென்னை. ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் என்கிற பத்திரிகை. அலகாபாத்தில் பிறந்து ஜான்சியில் வாழ்ந்தவரின் கதையைப் புத்தகமாகப் போட்டது தமிழ்நாடுதான் என்று நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

1956-ல் மேஜராக ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றார். சிப்பாயில் தொடங்கி மேஜர் வரை 34 வருஷம். அதே வருஷம் பத்ம பூஷண். பிறகு பட்டியாலாவின் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையத்தில் சில வருஷம் ஹாக்கி கோச். 1975-ல் கோலாலம்பூரில் இந்தியா உலகக் கோப்பையை ஜெயித்தபோது ஃபைனலில் பாகிஸ்தானுக்கு எதிராக வெற்றி கோலை அடித்தது அவருடைய மகன் அசோக் குமார். அதை அவர் பார்த்தார். அடுத்த வருஷம் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைப் புல்தரையில் ஆடிய இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. 1928-லிருந்து முதல் தடவையாக மெடலே இல்லாமல் திரும்பினார்கள். அதையும் அவர் பார்த்தார்.

கடைசி வருஷங்கள் ஜான்சியில். கையில் பணம் இல்லை. ஈரலில் கேன்சர். டெல்லி எய்ம்ஸில் ஜெனரல் வார்டில் சேர்த்தார்கள். 1979 டிசம்பர் 3-ல் இறந்தார். ஜான்சியில் அவர் ஆடிய மைதானத்திலேயே தகனம் செய்தார்கள்.

விசிலுக்குப் பிறகு

இப்போ இந்தக் கட்டுரையின் தலைப்புக்குத் திரும்புவோம். மேட்ச் முடிந்த பிறகும் ஸ்கோர் ஏற்றிக்கொண்டே போன ஒரு டீம் உண்டு. அது தியான் சந்தின் டீம் இல்லை, நாமதான்.

அவர் இறந்த மறுவருஷம் தபால் தலை. 2002-ல் டெல்லி நேஷனல் ஸ்டேடியத்துக்கு அவர் பெயர். அவருடைய பிறந்தநாள் தேசிய விளையாட்டு தினம். 2021-ல் நாட்டின் மிகப்பெரிய விளையாட்டு விருதுக்கு அவர் பெயர். எல்லாம் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தபோது நாம் கொடுத்தது என்ன? நூறு கோலுக்கு லான்ஸ் நாயக். கடைசிக் காலத்தில் ஜெனரல் வார்டு. அவருக்குத் தேவைப்பட்டபோது அடிக்க வேண்டிய கோல்களை எல்லாம் நாம் விசில் அடித்த பிறகு அடித்துக்கொண்டிருக்கிறோம். அந்த கோல்கள் கணக்கில் சேராது.

அதனால் உங்ககிட்ட ரெண்டே ரெண்டு விஷயம்.

ஒன்று, அடுத்த தடவை 10-0 என்று முன்னாடி இருக்கும்போது நிறுத்தாதீங்க, நல்லா ஆடுங்க. ஆனால் ஆட்டோகிராஃப் போடாதீங்க. எதிர் டீம் ரொம்பத் திணறினால் உங்க டீமிலிருந்து ஒரு நல்ல ஆளை அந்தப் பக்கம் அனுப்புங்க. மேட்ச் சுவாரஸ்யமாகும், ஃபர்ஸ்ட் இயர் பையனும் எதையாவது கற்றுக்கொண்டு போவான்.

இரண்டு, விருதுநகர், சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, எந்தப் பக்கம் இருந்தாலும் உங்க ஊரில் ஒரு காலத்தில் மாவட்டத்துக்கோ மாநிலத்துக்கோ ஆடிய ஒரு அண்ணனோ பெரியவரோ கண்டிப்பாக இருப்பார். ஃபேக்டரியில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டோ, டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டோ இருப்பார். இந்த ஆகஸ்ட் 29-க்கு பேனர் அடிக்கிற காசில் அவரைக் காலேஜுக்குக் கூப்பிட்டு, ஒரு மைக் கொடுத்து, எப்படி ஆடினீங்கன்னு கேளுங்க. அவருடைய கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.